மூன்று வரியா, நான்கு வரியா? பிள்ளைப் புரோசஸும் தேங்கி நிற்கும் வெளியீடும்

சி மொழியில் மிகச் சிறிய நிரல் ஒன்று. முதலில் ‘தொடக்கம்’ என்று ஒரு வரியை அச்சிடும். அடுத்து ஃபோர்க் என்ற அழைப்பால் தன்னைப் போலவே ஒரு பிள்ளைப் புரோசஸை உண்டாக்கும். பிறகு தாயும் பிள்ளையும் ஆளுக்கொரு தடவை ‘முடிவு’ என்று அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். டெர்மினலில் ஓடவிட்டால் மூன்று வரிகள் வரும்: ஒரு தொடக்கம், இரண்டு முடிவு. அதே நிரலின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தால் நான்கு வரிகள்: தொடக்கம், முடிவு, மறுபடி தொடக்கம், மறுபடி முடிவு. நிரலில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. வெளியீடு எங்கே போய்ச் சேர்கிறது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

இரணைமடு நீர் பாயும் வயல்களுக்கு நடுவே இருக்கும் உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சி நகருக்கு வந்து, ஏ-9 வீதியில் தெற்கே போனால் அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அங்கேதான் இருக்கிறது. இங்கே என்னிடம் உயர்தரத்துக்கு ஐ.சி.ரி. படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் விடுமுறையில் கொண்டுவரும் கேள்விகளில் இது அடிக்கடி வரும்.

“சேர், வீட்டில ஓட்டிப் பாக்கேக்க மூண்டு வரிதான். ஒப்படைச்சாப் பிறகு திருத்துற புரோகிராம் நாலு வரி எண்டு பிழை போடுது.”

“ரெண்டும் சரிதான் தம்பி. நீர் பாத்தது டெர்மினல்ல. அது பாக்கிறது பைப்பால.”

மாணவரின் நிரலைத் தானாகத் திருத்தும் மென்பொருள் அதைத் தன்னுடைய பிள்ளைப் புரோசஸாக ஓட்டி, வெளியீட்டை ஒரு பைப் வழியாக வாங்குகிறது. இணையச் சேவைகள், கிரான் வேலைகள், டொக்கர் கொள்கலன்கள், வங்கிகளின் இரவு நேரக் கணக்கு முடிப்புகள் என்று இன்று ஓடும் நிரல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் டெர்மினலைக் காணாமலே ஓடுகின்றன. நாமோ டெர்மினலில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று சொல்லிவிடுகிறோம். இந்தத் துறையின் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

விஷயத்தின் வேர் 1970களில் இருக்கிறது. பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க் எழுதிய உள்ளீட்டு-வெளியீட்டு நூலகத்திலிருந்து வளர்ந்த ஸ்டாண்டர்ட் ஐஓ நூலகம், 1979 இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளியானது. ஒவ்வொரு எழுத்துக்கும் பணிசெயல் முறைமையின் கேர்னலைக் கூப்பிட்டால் நிரல் ஆமை வேகத்தில்தான் ஓடும். ஆகவே நூலகம் நிரலின் சொந்த நினைவகத்தில் ஒரு பஃபரை வைத்துக்கொண்டு, அதில் சேர்த்துச் சேர்த்து மொத்தமாக அனுப்புகிறது. தூற்றிய நெல்லை யாரும் கைப்பிடி கைப்பிடியாக மில்லுக்குக் கொண்டுபோவதில்லை; சாக்கு நிறைந்த பிறகு வாய் தைத்து ஏற்றுவதுதான் வழக்கம். இங்கே சாக்கின் அளவு லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் வழமையாக 4,096 பைற்.

எப்போது அனுப்புவது என்பதற்கு மூன்று முறைகள் உண்டு. பஃபர் நிறைந்ததும் அனுப்புவது ஒன்று. வரி முடிந்ததும் அனுப்புவது இன்னொன்று. எதையும் தேக்காமல் உடனுக்குடன் அனுப்புவது மூன்றாவது. சி மொழியின் தரநிர்ணயம் சொல்வது இது: பிழைச் செய்திகளுக்கான ஓடை ஒருபோதும் நிறையும்வரை தேங்கக்கூடாது, வழமையான வெளியீட்டு ஓடையோ, மறுபக்கத்தில் இருப்பது மனிதர் பார்க்கும் சாதனம் அல்ல என்று உறுதியானால் மட்டும் நிறையும்வரை தேங்கும். நடைமுறையில் டெர்மினல் என்றால் வரிக்கு வரி, கோப்பு அல்லது பைப் என்றால் நிறைந்தபின். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விரைவாகக் காட்டவேண்டும், பார்க்காதபோது சிக்கனமாக இருக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் பக்கவிளைவாக, ஒரே நிரலுக்கு இரண்டு குணங்கள் வந்துவிட்டன.

இனி ஃபோர்க். இதன் கருத்தை 1963 இலேயே மெல்வின் கொன்வே முன்வைத்திருந்தார். கென் தொம்சன் பிடிபி-7 இயந்திரத்தில் அதை எழுதியபோது அசெம்பிளி மொழியில் 27 வரிகளே தேவைப்பட்டன என்று டெனிஸ் ரிச்சி பிற்பாடு எழுதியிருக்கிறார். எளிமைக்குக் காரணம், அது எதையும் தெரிவு செய்வதில்லை. தாயின் நினைவகம் முழுவதையும் அப்படியே பிள்ளைக்குக் கொடுத்துவிடும். நூலகத்தின் பஃபரும் அந்த நினைவகத்தில்தான் கிடக்கிறது. கேர்னலுக்கு அப்படியொரு பஃபர் இருப்பதே தெரியாது. ஆகவே பாதி நிறைந்த சாக்கும் இரட்டிப்பாகிறது. பிறகு தாய் முடியும்போது தன் சாக்கை ஏற்றி அனுப்பும். பிள்ளை முடியும்போது தன்னுடையதை அனுப்பும். ‘தொடக்கம்’ இரண்டு தடவை வந்தது இப்படித்தான். டெர்மினலில் அது நடக்காததற்குக் காரணம், வரி முடிந்த கணமே ‘தொடக்கம்’ வெளியே போய்விட்டது. ஃபோர்க் வரும்போது பஃபர் வெறுமையாக இருந்தது. வரி முடிவுக் குறியை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள், டெர்மினலிலும் இரட்டிக்கும்.

பணிசெயல் முறைமைப் பரீட்சைகளில் இதை ஒட்டிய ஒரு வினா உலகெங்கும் பிரசித்தம்: இரண்டு ஃபோர்க் அடுத்தடுத்து வந்தால் எத்தனை வரி? நம்முடைய நிரலில் இன்னுமொரு ஃபோர்க்கைச் சேர்த்தால் டெர்மினலில் ஐந்து வரி, கோப்பில் எட்டு வரி. விடைத்தாளில் ‘ஐந்து’ என்று எழுதியவருக்குப் புள்ளி கிடைத்துவிடும். வெளியீடு எங்கே போகிறது என்று வினாவில் சொல்லாமல் ஒற்றை விடையை எதிர்பார்ப்பது, வினாவை எடுத்தவரும் டெர்மினலை மட்டுமே பார்த்திருக்கிறார் என்பதைத்தான் காட்டுகிறது.

இரட்டிப்பது கண்ணுக்குத் தெரியும் பிழை; காணாமற் போவது அதைவிட மோசம். பெரும்பாலும் ஃபோர்க்குக்குப் பின் எக்செக் வரும்: பிள்ளை தன் நினைவகத்தை முழுதாகக் கழற்றிவிட்டு வேறொரு நிரலாக மாறிவிடும். மாறுவதற்கு முன் பஃபரில் எதையாவது எழுதிவிட்டு ஃபிளஷ் செய்யாமல், அதாவது தேங்கியதை வெளியே தள்ளாமல் விட்டால், அந்த எழுத்துகள் பழைய நினைவகத்தோடு போய்விடும். அவற்றைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. ஒரு சமிக்ஞையால் கொல்லப்படும் புரோசஸுக்கும் இதே கதிதான். ஒரு சேவை ஏன் விழுந்தது என்று பதிவேட்டைப் பார்த்தால், விழுவதற்குச் சற்று முந்திய வரிகள், அதாவது நமக்கு வேண்டிய வரிகள்தான், அங்கே இருக்கமாட்டா.

வரிசை குழம்புவதும் உண்டு. தாய் ‘காப்புப் பிரதி தொடங்குகிறது’ என்று எழுதிவிட்டு, சிஸ்ரம் என்ற அழைப்பால் ஒரு வெளி நிரலை ஓட்டுகிறது. பிள்ளை தன் வெளியீட்டை எழுதி முடித்துப் போய்விட்டது. தாயின் வரியோ இன்னும் தாயின் பஃபரில். பதிவுக் கோப்பில் வேலை முடிந்த செய்தி முதலிலும் தொடங்கிய செய்தி பிறகும் இருக்கும். நடு இரவில் இந்தக் கோப்பை வைத்துக்கொண்டு காரணம் தேடுபவர் இல்லாத பிழை ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்.

எக்செக் தோற்றுப்போகும் நேரம் இன்னொரு பொறி. நிரலின் பெயரைத் தவறாக எழுதியிருக்கலாம், கோப்பு இல்லாமல் இருக்கலாம். அப்போது பிள்ளை தாயின் குறிமுறைக்குள்ளேயே நின்றுவிடும். அங்கிருந்து வழமையான எக்சிட் அழைப்பால் வெளியேறினால், நூலகம் தாயிடமிருந்து வந்த பஃபரையும் சேர்த்து வெளியே தள்ளும். முடிவில் செய்யவேண்டியவை என்று தாய் பதிந்துவைத்த வேலைகளையும் ஓட்டும். தாய் இன்னும் பாவித்துக்கொண்டிருக்கும் தற்காலிகக் கோப்பைப் பிள்ளை அழித்துவிடுவது இப்படித்தான். பெயருக்கு முன் அடிக்கோடு இட்ட இன்னொரு எக்சிட் யுனிக்ஸில் இருப்பதே இதற்காக. அது நூலகத்தைத் தொடாமல் நேரே கேர்னலிடம் போய் முடித்துக்கொள்ளும். தோற்ற எக்செக்குக்கு அடுத்த வரியில் அது தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது.

உள்ளீட்டுக்கும் பஃபர் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கோப்பை வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிள்ளையை உண்டாக்கும் நிரலில், பிள்ளை வழமையான எக்சிட்டால் முடிந்தால் லினக்ஸில் சில சமயம் அதே வரிகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பிள்ளையின் நூலகம் முடியும் தறுவாயில், முன்கூட்டி வாசித்து வைத்துப் பயன்படுத்தாத பகுதிக்கு ஏற்பக் கோப்பின் வாசிப்பு நிலையைப் பின்னுக்கு நகர்த்திவிடுகிறது. அந்த நிலை தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவானது. தாயும் பின்னுக்குப் போய்விடும். முதன்முறை இதைக் காண்பவர் தன் சுழற்சிக் கட்டளையைத்தான் சந்தேகிப்பார்.

அப்படியானால் என்ன செய்யலாம்? சி எழுதுபவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருவது ஒன்றுதான்: ஃபோர்க், சிஸ்ரம், பிஓப்பன் எதுவானாலும் அதற்கு முன் திறந்திருக்கும் எல்லா வெளியீட்டு ஓடைகளையும் ஃபிளஷ் செய்துவிடு. ஒரே அழைப்பில் அதைச் செய்யலாம். இதற்குப் பதிலாகப் பஃபரே வேண்டாம் என்று நிரலின் தொடக்கத்திலேயே அணைத்துவிடுபவர்களும் உண்டு. சிறிய நிரலுக்கு அது போதும். ஆனால் 40 பைற் நீளமான வரிகள் பத்து லட்சம் எழுதும் நிரலை எடுத்துக்கொண்டால், பஃபரோடு கேர்னலுக்கு ஏறத்தாழ 9,800 அழைப்புகள். பஃபர் இல்லாமல் குறைந்தது பத்து லட்சம். பிரிவதற்கு முன் ஒரு தடவை ஃபிளஷ் செய்வதே மேலானது என்பேன். பல இழைகள் ஓடும் நிரலில் மட்டும் அது முழுக் காப்பு ஆகாது. ஃபிளஷுக்கும் ஃபோர்க்குக்கும் இடையிலான நொடியில் வேறொரு இழை எழுதிவிடலாம். அல்லது ஓடையின் பூட்டைப் பிடித்தபடி இருக்கலாம். பூட்டிய நிலையிலேயே பிள்ளைக்குப் பிரதி போகும், திறக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்தப் பொறுப்பு நிரல் எழுதுபவருடையதா, மொழியினுடையதா என்பதில் மொழிகள் தங்களுக்குள் உடன்படவில்லை. 2000 ஆம் ஆண்டு வந்த பேர்ள் 5.6, ஃபோர்க்குக்கும் சிஸ்ரத்துக்கும் முன்னால் திறந்திருக்கும் வெளியீடுகளைத் தானே ஃபிளஷ் செய்ய முயலும். ரூபியும் ஃபோர்க்குக்கு முன் வெளியீட்டு ஓடையையும் பிழை ஓடையையும் காலியாக்கிவிடுகிறது. பைதனின் அடிப்படை ஃபோர்க் அப்படிச் செய்வதில்லை. மேலே சொன்ன ‘தொடக்கம்-முடிவு’ விளையாட்டைப் பைதனில் எழுதி ஒரு கோப்புக்குத் திருப்பினாலும் நான்கு வரிதான். கோ மொழி தனியாக ஃபோர்க்கைத் தருவதே இல்லை; அதன் வழமையான வெளியீட்டுக்குப் பஃபரும் கிடையாது, வேண்டியவர் தானே வைத்துக்கொண்டு தானே ஃபிளஷ் செய்யவேண்டும். ரஸ்ற் எங்கே போனாலும் வரிக்கு வரி அனுப்புகிறது: பைப்பில் வேகம் குறைகிறது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் டெர்மினலுக்கு ஒரு முகம் பைப்புக்கு ஒரு முகம் என்ற தொல்லை அங்கே இல்லை. விண்டோஸில் ஃபோர்க் இல்லை என்பதால் இரட்டிப்பும் இல்லை. ஆனால் மைக்ரோசொஃப்ட்டின் சி நூலகத்தில் வரிக்கு வரி என்ற முறையைக் கேட்டால் அது நிறையும்வரை தேக்கும் முறையையே தருகிறது. லினக்ஸில் பழகியவர் அங்கே போய் ஏமாறுவது இதனால்தான்.

என் பக்கம் பேர்ளின் பக்கம். பிள்ளையை உண்டாக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு ஃபிளஷின் செலவு தூசு. அதை மனித ஞாபகத்தில் விடுவதற்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

இதுவரை எழுதும் பக்கம். வாசிக்கும் பக்கத்தில் தாமதம்தான் பெரிய தொல்லை.

ஒரு குளத்தின் நீர்மட்டத்தை அளக்கும் கருவியோடு சி மொழியில் எழுதிய ஒரு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, 40 பைற் நீளமான ஒரு வரியை அச்சிடும். இன்னொரு நிரல் அதைப் பிள்ளையாக ஓட்டி, வரிகளைப் பைப்பால் வாங்கி, மட்டம் எல்லையைத் தாண்டினால் குறுஞ்செய்தி அனுப்பும். மேசையில் டெர்மினலில் சோதித்தபோது எல்லாம் ஒழுங்கு. பைப்போடு இணைத்தபின், 4,096 பைற் பஃபர் நிறைய நூறுக்கு மேற்பட்ட வரிகள் வேண்டும். கணக்குப் போட்டால் முதல் வரி தாய்க்குக் கிடைக்க ஏறத்தாழ 17 மணித்தியாலம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் 14 வான்கதவுகளும் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியதை இங்கே எல்லோரும் அறிவர்; கதவுகளை எந்த நேரத்தில் திறந்திருக்கவேண்டும் என்பது பிறகு நெடுநாள் பேசப்பட்டது. அப்படியொரு மழைக்கு ஓரிரவு போதும். 17 மணித்தியாலம் பிந்தி வரும் நீர்மட்டத்தை வைத்து யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. நிரலில் பிழை என்று சொல்லத்தக்க ஒரு வரிகூட இல்லை.

அந்த நிரலை நாம் எழுதியிருந்தால் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஃபிளஷ் என்று ஒரு சொல் போதும். பைதனில் 2012 இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து பிரின்ட் கட்டளைக்குள்ளேயே ஃபிளஷைக் கேட்கலாம். மைனஸ் யூ என்ற தெரிவும், பைதன்அன்பஃபர்ட் என்ற சூழல் மாறியும் உண்டு. டொக்கர் கோப்புகளில் அந்த மாறியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. காரணம் கேட்டால் எழுதியவர்களில் பலருக்குத் தெரியாது. கிரெப் கட்டளைக்கு வரிக்கு வரி அனுப்பும் தெரிவு ஒன்றும், செட் கட்டளைக்கு மைனஸ் யூவும் இருப்பது இதே தேவைக்காக.

பிறர் எழுதிய நிரலென்றால், மூலக் குறிமுறை கையில் இல்லையென்றால், வெளியிலிருந்து இரண்டு வழிகள். 2009 இல் குனு கோர்யுட்டில்ஸ் 7.5 உடன் வந்த எஸ்ரிடிபஃப் கட்டளை, நிரல் தொடங்கும்போதே ஒரு சிறு நூலகத்தை உள்ளே ஏற்றிப் பஃபர் முறையை மாற்றிவிடும். தன்னுள் நூலகத்தைக் கட்டிவைத்திருக்கும் நிரல்களிடமும், தானே பஃபரைத் தீர்மானிக்கும் நிரல்களிடமும் அது எடுபடாது. மற்றையது போலி டெர்மினல்: பைப்புக்குப் பதிலாக, டெர்மினல் போல நடிக்கும் ஒரு சாதனத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது. டொன் லிப்ஸ் 1990 இல் உருவாக்கிய எக்ஸ்பெக்ட் இந்த உத்தியில்தான் ஓடுகிறது. அதோடு வரும் அன்பஃபர் என்ற சிறு கட்டளை பலருக்கு உயிர் காத்தது. ஆனால் நடிப்புக்கு விலை உண்டு. மனிதர் பார்க்கிறார் என்று நம்பிப் பிள்ளை நிறக் குறியீடுகளையும் முன்னேற்றக் கோடுகளையும் அனுப்பத் தொடங்கும். வரி முடிவுகளில் ஒரு எழுத்து கூடுதலாக வரும்.

மின் துண்டிப்பைப் பற்றியும் ஒரு சொல், இந்த நாட்டில் அதை விட்டுவிட்டு எழுத முடியாது. 2022 இன் நீண்ட மின்வெட்டுகள் போகட்டும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியது. ஃபிளஷ் செய்துவிட்டேன், ஆகவே தரவு பத்திரம் என்று நினைப்பவர் குரங்கைக் கணக்கில் எடுக்கவில்லை. ஃபிளஷ் தரவை நிரலிலிருந்து கேர்னலுக்கு மட்டுமே தள்ளும். கேர்னலுக்கும் தனக்கென்று ஒரு தேக்கம் உண்டு. லினக்ஸின் இயல்பு அமைப்பில் எழுதப்பட்ட பக்கம் வட்டுக்குப் போக அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். நிரல் விழுந்தால் ஃபிளஷ் காப்பாற்றும். மின்சாரமே போனால் எஃப்சிங்க் அழைப்புத்தான் காப்பாற்றும். பணம் சம்பந்தப்பட்ட பதிவுக்கு இரண்டாவது வேண்டும். சாதாரண வெளியீட்டுக்கு அதைக் கேட்டால் வட்டு தாங்காது.

அடுத்தது முட்டுக்கட்டை. பைப் என்பதும் கேர்னலுக்குள் இருக்கும் ஒரு பஃபர்தான். லினக்ஸில் 2005 இல் வந்த 2.6.11 பதிப்பிலிருந்து இயல்பாக 65,536 பைற் கொள்ளும். நிறைந்துவிட்டால் எழுதும் பிள்ளை அங்கேயே நிறுத்திவைக்கப்படும். தாயோ பிள்ளை முடியட்டும், பிறகு வாசிப்போம் என்று காத்திருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி விடியும்வரை நிற்பார்கள். சிறிய தரவில் சோதித்தால் இது ஒருபோதும் வராது. 64 கிலோபைற்றைத் தாண்டும் நாளில் வரும். பிழை ஓடைக்குத் தனிப் பைப் கொடுத்துவிட்டு வெளியீட்டை மட்டும் கடைசிவரை வாசிக்கும் தாய்க்கும் இதே விபத்து நேரும்: பிள்ளை எச்சரிக்கைகளைக் கொட்டி அந்தப் பைப்பை நிரப்பிவிட்டு நிற்கும். 2004 இல் பைதன் 2.4 உடன் வந்த சப்புரோசஸ் தொகுதியின் ஆவணமே, பைப் கொடுத்துவிட்டு வெயிட் அழைப்பில் நிற்காதே, கொம்யூனிகேட்டைப் பாவி என்று எச்சரிக்கிறது. ஜாவாவின் புரோசஸ் வகுப்பின் ஆவணத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. கொம்யூனிகேட் செய்வது பெரிய மாயம் அல்ல: எழுதுவதையும் இரண்டு ஓடைகளை வாசிப்பதையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொள்கிறது. தேவையில்லாத பைப் முனைகளை மூடாமல் விடுவது இதன் ஒன்றுவிட்ட சகோதரன். எழுதும் முனை எங்கேயாவது திறந்திருக்கும்வரை வாசிப்பவருக்கு ‘முடிந்தது’ என்ற செய்தி வராது. பைதன் 3.4 இலிருந்து புதிதாகத் திறக்கும் முனைகள் பிள்ளைக்குத் தாமாகப் போவதில்லை என்று மாற்றியது நல்ல தீர்மானம்.

தமிழில் வேலை செய்பவருக்குக் கூடுதலாக ஒரு சோதனை இருக்கிறது. ஆங்கில நூல்கள் இதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை, ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற் போதும் என்பதால். யுடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைற். ‘உருத்திரபுரம்’ என்ற சொல்லில் நம் கணக்கில் எட்டு எழுத்து. கணினியின் கணக்கில் 13 குறியீடு, 39 பைற், வரி முடிவோடு 40. இந்தச் சொல்லையே வரிக்கு வரி எழுதும் ஒரு பிள்ளையின் வெளியீட்டை 4,096 பைற் துண்டுகளாக வாசித்துப் பாருங்கள். முதல் துண்டில் 102 முழு வரிகள் வரும். 103 ஆவது வரியில் ‘உருத்’ வரை வந்து, அடுத்த ‘தி’யின் மூன்றிலொரு பங்கு தகரத்தோடு துண்டு முடிந்துவிடும். தொங்கி நிற்கும் அந்த ஒற்றைப் பைற்றைக் கொண்டு அது எந்த எழுத்தென்று சொல்லமுடியாது. தமிழின் எல்லாக் குறியீடுகளும் அதே பைற்றில்தான் தொடங்குகின்றன. சிங்களமும் அதே பைற்றில்தான் தொடங்குகிறது. துண்டைத் தனியாக எழுத்தாக மாற்ற முயன்றால் நிரல் பிழை கூறி நிற்கும், அல்லது கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நகரும். 4,096 மூன்றால் வகுபடாது என்பதால், தமிழெழுத்து மட்டுமே உள்ள வெளியீட்டிலும் முதல் வெட்டு ஓர் எழுத்தின் நடுவில்தான் விழும். பரிகாரம் இரண்டு: பைற்றுகளைச் சேர்த்துவைத்து வரி முடிந்தபின் மாற்றுவது, அல்லது மிச்சப் பைற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளும் படிமுறை டிகோடரைப் பாவிப்பது. பைதனில் ஓடையை எழுத்துமுறையிலேயே திறந்தால் இரண்டாவது தானாக நடக்கும்.

விண்டோஸில் இதைவிட விசித்திரம். பைதன் 3.6 முதல் அங்கே கொன்சோலில் தமிழ் அச்சாகும். அதே நிரலைப் பிள்ளையாக்கிப் பைப்பில் இணைத்தால், யுடிஎஃப்-8 ஐ விட்டுவிட்டு அந்தக் கணினியின் பழைய எழுத்துக்குறிப் பக்கத்துக்குத் தாவிவிடும். அதில் தமிழ் இல்லை. முதல் தமிழ் எழுத்திலேயே நிரல் விழும். மனிதர் பார்க்கும்போது ஒரு நடத்தை, பைப் பார்க்கும்போது வேறொன்று என்ற அதே பழைய கதை, இம்முறை பஃபருக்குப் பதிலாக எழுத்துக் குறியாக்கத்தில். பைதன்யுடிஎஃப்8 என்ற சூழல் மாறியை ஒன்றாக்கிவிட்டால் தீரும், 3.7 இலிருந்து அது இருக்கிறது.

ஃபோர்க்கையே கைவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். 2019 இல் ஹொட்ஓஎஸ் மாநாட்டில் மைக்ரோசொஃப்ட் ஆய்வகம், பொஸ்ரன் பல்கலைக்கழகம், சூரிச் இடிஎச் ஆகியவற்றைச் சேர்ந்த அன்ட்ரூ பௌமன், ஜொனதன் அப்பாவு, ஒரன் கிரீகர், திமொதி ரொஸ்கோ நால்வரும் ஃபோர்க்கின் காலம் முடிந்துவிட்டது என்று வாதிட்டு ஒரு கட்டுரை வைத்தார்கள். அவர்கள் அடுக்கிய குற்றச்சாட்டுகளில் நம்முடைய இரட்டிக்கும் பஃபரும் ஒன்று: ஃபோர்க் வந்தால் நிரலின் ஒவ்வொரு அடுக்கும் அதற்கென்று தயாராக இருக்கவேண்டியிருக்கிறது. மாற்று ஏற்கெனவே இருக்கிறது. பொசிக்ஸ் ஸ்போன் என்ற அழைப்பு 1999 இலேயே தரநிர்ணயத்துக்குள் வந்துவிட்டது. தாயின் நினைவகத்தைப் பிரதி எடுக்காமல் நேரே புதிய நிரலைத் தொடக்கும். பைதனும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறது. 2025 ஒக்டோபரில் வந்த 3.14 பதிப்பில், மல்ரிபுரோசசிங் தொகுதி லினக்ஸில் இயல்பாக நேரடி ஃபோர்க்கைப் பாவிப்பதை விட்டு, தனியான ஒரு சேவையகப் புரோசஸிடம் பிள்ளைகளைக் கேட்கும் முறைக்கு மாறியது.

அந்த நால்வரோடு எனக்கு ஒரு விடயத்தில் மட்டும் முழு உடன்பாடு இல்லை. கற்பிப்பதிலும் ஃபோர்க்கைப் பழைய சங்கதியாக ஒதுக்கவேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. ஆனால் நினைவகம் யாருடையது, கேர்னலுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை இந்த நான்கு வரிப் புதிர் போல வேறெதுவும் அரை மணி நேரத்தில் புரியவைத்து நான் கண்டதில்லை. பிள்ளைகள் எழுதும் நிரலில் ஃபோர்க் வேண்டாம், பாடத்தில் இருக்கட்டும். ஆய்வுகூடத் தாளில் ‘ஓட்டிப் பார்க்க’ என்று இருக்குமிடத்தில் எல்லாம், ‘பைப் போட்டுக் கேட் (cat) கட்டளைக்கு அனுப்பியும் ஓட்டிப் பார்க்க’ என்று ஒரு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஸ்போன் வந்தாலும் தீருவது இரட்டிப்பு மட்டும்தான். தாயின் பஃபரில் கிடக்கும் வரி பிள்ளையின் வரிக்குப் பின்னால் விழுவது அப்படியே இருக்கும், ஆகவே ஸ்போனுக்கு முன்னாலும் ஃபிளஷ் வேண்டும். 17 மணித்தியாலத் தாமதமும் இருக்கும். வெளியீட்டையும் பிழைச் செய்திகளையும் இரண்டு பைப்பால் வாங்கும் தாய்க்கு, எந்த வரி எந்த வரிக்கு முன் எழுதப்பட்டது என்று அறிய இன்றைக்கும் வழி கிடையாது: இரண்டு பைப்புகளுக்கு இடையே நேர ஒழுங்கைக் கேர்னல் வைத்திருப்பதில்லை. வரிசை முக்கியமென்றால் இரண்டையும் ஒரே பைப்பில் விடவேண்டும், அப்போது எது பிழைச் செய்தி எது வெளியீடு என்று பிரிக்க முடியாது. அப்படி விட்டாலும், வெளியீடு பிள்ளையின் பஃபரில் தேங்கியிருக்கப் பிழைச் செய்தி உடனே போய்விடும் என்பதால், பிள்ளையும் வரிக்கு வரி ஃபிளஷ் செய்தால் மட்டுமே அந்த வரிசையை நம்பலாம்.